கொங்கு வட்டாரத்தில் வளங்குன்றா வளர்ச்சி பற்றிய விக்கிப்பீடியா தொகுத்தல் இயக்கம்: எங்கிருந்து தொடங்குவது?

காங்கயம் வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்தில் எங்கள் வாசகர் வட்டம், வரும் பொங்கல் விடுமுறை முடிந்ததும், ஒரு மாத காலம் தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுத்தல் இயக்கம் ஒன்றை நடத்த முடிவு செய்திருக்கிறது. வளங்குன்றா வளர்ச்சிதான் பொருள். கல்லூரி மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும், ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரும், ஊத்துக்குளிப் பக்கத்து விவசாயிகள் சிலரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் விக்கிப்பீடியாவைப் படித்திருக்கிறார்களே தவிர, அதில் ஒரு வரியைக்கூடத் திருத்தியதில்லை.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 செப்டம்பரில் ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளையும் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு குழுவும் தன் இலக்கைச் சார்ந்த ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்குவது என்றும், அதிகக் கட்டுரைகள் எழுதியவருக்குப் பரிசு தருவது என்றும் முதலில் திட்டமிட்டோம். தாளில் எழுதிப் பார்த்தபோது ஒழுங்காகவே தெரிந்தது. ஆனால் அந்த 17 இலக்குகளுக்குக் கீழே 169 குறியிலக்குகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பற்றி எங்களில் எவருக்கும் நேரடி அறிவு கிடையாது. மாறாக, நாங்கள் நாள்தோறும் பார்க்கிற நொய்யலுக்கும், கீழ்பவானி வாய்க்காலுக்கும், கொரங்காடு என்று நாங்கள் சொல்லும் மேய்ச்சல் நிலத்துக்கும் அந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

இப்படிப்பட்ட இயக்கத்தை நடத்திய அனுபவம் உள்ளவர்கள், தலைப்புகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, புதியவர்களை எப்படிப் பழக்குவது, பரிசு வைக்கலாமா கூடாதா என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நொய்யல்கரை (மறுமொழி)

வணக்கம். 17 இலக்குகளைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள் என்றே சொல்வேன். அந்த இலக்குகள் அரசுகள் தம் முன்னேற்றத்தை அளந்துகொள்வதற்காக வகுக்கப்பட்டவை. கட்டுரைத் தலைப்புகளின் பட்டியலாக அவற்றை எடுத்துக்கொண்டால், 'வறுமை ஒழிப்பின் அவசியம்' போன்ற பொதுவான, யாரும் எங்கும் எழுதிவிடக்கூடிய கட்டுரைகளே வந்து சேரும். கலைக்களஞ்சியத்துக்கு வேண்டியது ஓர் ஆறு, ஓர் அணை, ஒரு தீர்ப்பு, ஒரு புல் வகை என்று வரையறை உள்ள பொருள்கள். அவற்றை எழுதி முடித்த பிறகு எந்த இலக்கோடு தொடர்புடையது என்று பகுப்பு சேர்த்துக்கொள்ளலாம்.

தலைப்பைத் தேடுவதற்கு முன் மூலங்களைத் தேடுங்கள். எந்தப் பொருளைப் பற்றி, அதனோடு நேரடித் தொடர்பில்லாத நம்பகமான மூன்று மூலங்களாவது கையில் இருக்கின்றனவோ, அதை மட்டும் பட்டியலில் சேருங்கள். இதை இயக்கம் தொடங்குவதற்கு முன்பே ஒருங்கிணைப்பாளர்கள் செய்துவிட வேண்டும். மூலத்தைத் தேடும் வேலையைப் புதியவர் தலையில் கட்டினால் அவர் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோவார்.

நொய்யலையே எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு இது. இதன் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியதும், சுற்றியிருந்த கிணறுகள் கெட்டதும், விவசாயிகள் நீதிமன்றம் சென்றதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் எல்லாம் ஆவணங்களில் உள்ளவை. அதன் பின்னர் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை அங்கே நிலைபெற்றது. சாயக்கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு முதலில் சுத்திகரித்து, எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நல்ல நீரைப் பிரித்து, எஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கி, உப்பையும் மீட்டு, இரண்டையும் மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள். இதற்கு ஆகும் மின்செலவும், கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பையும் கசடையும் என்ன செய்வது என்ற சிக்கலும் இன்றும் தீராதவை. இந்த ஒரே தொடரில் ஆறு, அணை, வழக்கு, தொழில்நுட்பம், சாயக்கழிவுக் கசடு என்று ஐந்து கட்டுரைகளுக்கு இடமிருக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து எழுதினால், தூய நீர், தொழில், பொறுப்பான உற்பத்தி ஆகிய இலக்குகள் ஓர் ஊரின் வாழ்க்கையில் எப்படி முட்டி மோதுகின்றன என்பது படிப்பவருக்கு விளக்கமில்லாமலே புரியும்.

உங்கள் கொரங்காடு இதைவிட அரிய தலைப்பு. மழையை மட்டுமே நம்பிய மேய்ச்சல் நிலத்தை முட்கிளுவை வேலியால் அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப்புல்லையும் வெள்வேல மரத்தையும் வளர்த்து, காங்கயம் மாடுகளையும் ஆடுகளையும் அதில் முறைவைத்து மேய்க்கும் அமைப்பு உலகில் வேறெங்கும் இதே வடிவில் இருப்பதாகத் தெரியவில்லை. வேளாண் ஆய்விதழ்களில் இதைப் பற்றிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அதை ஆங்கிலத்தில் ஆய்வாளர்கள் எழுதிவைக்க, மாடு மேய்க்கிறவரின் பேரன் தமிழில் படிக்க ஒன்றும் இல்லாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இவை தவிர, பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குச் சற்று முன்பாக அணைகட்டித் திருப்பப்பட்ட 13ஆம் நூற்றாண்டுக் காலிங்கராயன் வாய்க்கால். 2006ஆம் ஆண்டிலேயே ஊராட்சியின் பெயரில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை விற்ற மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த வெள்ளோடு பறவைகள் சரணாலயம், 2024இல் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, பல்லடம் பகுதிகளில் எழுந்த காற்றாலைகள் ஆகியவற்றையும் பாருங்கள். இவற்றில் பலவற்றுக்கு ஏற்கெனவே கட்டுரை இருக்கும். இருக்கும் கட்டுரையை மேம்படுத்துவதையும் புதுக் கட்டுரைக்கு இணையான பங்களிப்பாகவே கணக்கிடுங்கள். இரண்டு வரிக் குறுங்கட்டுரையை மேற்கோள்களோடு இரண்டு பக்கமாக்குகிறவர் செய்யும் வேலை, புதிதாக நான்கு குறுங்கட்டுரைகளைத் தொடங்குகிறவரின் வேலையைவிடப் பயனுள்ளது.

மொழிபெயர்ப்பு வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சுழற்சிப் பொருளாதாரம், நிலத்தடி நீர் செறிவூட்டல் போன்ற அடிப்படைக் கட்டுரைகள் தமிழில் செம்மையாக இருந்தால்தான் உள்ளூர்க் கட்டுரைகள் அவற்றை இணைத்துக்கொள்ள முடியும். ஆனால் அவற்றை மொழிநடை கைவந்த சிலரிடம் மட்டும் கொடுங்கள்.

மஞ்சள்மாநகர் ஆசிரியை (மறுமொழி)

நொய்யல்கரை ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். பள்ளி, கல்லூரி மாணவர்களைக் கொண்டு பயிற்சிப் பட்டறைகள் நடத்திவருபவள் என்ற முறையில், பழக்குவது பற்றியும் பரிசு பற்றியும் எழுதுகிறேன்.

ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு பயனர் கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கிப்பீடியா இடங்கொடுக்காது. ஐம்பது பேரை ஒரு கணினிக்கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, ஏழாவது ஆளுக்குக் கணக்குத் திறக்க முடியவில்லை என்றால் அந்தக் காலைப்பொழுதே வீணாகிவிடும். ஆகவே, எல்லோரையும் வீட்டிலிருந்தே கணக்குத் தொடங்கிவரச் சொல்லுங்கள். அல்லது தமிழ் விக்கிப்பீடியாவில் பயனர்கள் கூடிப் பேசும் ஆலமரத்தடி என்ற பக்கத்தில் முன்கூட்டியே இயக்கத்தை அறிவித்து, நிர்வாகிகளிடம் விலக்கு கேளுங்கள். ஆலமரத்தடியில் அறிவிப்பது வேறொரு வகையிலும் நல்லது. திடீரென்று ஒரே நாளில் புதுக் கணக்குகளிலிருந்து கட்டுரைகள் வந்து குவிந்தால், துப்புரவு செய்யும் பழைய பயனர்களுக்கு அது தொல்லையாகவே படும். முன்பே தெரிந்திருந்தால் அவர்களே உதவிக்கு வருவார்கள். மாணவர்கள் சொந்தப் பெயரையும் பள்ளியின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பயனர் பக்கத்தில் போட வேண்டியதில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு இது கட்டாயம்.

முதல் நாளில் கட்டுரை எழுதவே விடாதீர்கள். ஏற்கெனவே உள்ள கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவது, ஓர் உள்ளிணைப்பு கொடுப்பது, மேற்கோள் இல்லாத ஒரு வாக்கியத்துக்கு மேற்கோள் சேர்ப்பது ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மணல்தொட்டி எனப்படும் சோதனைப் பக்கத்தில் எழுதிப் பழகட்டும். அங்கே எழுதியதை ஒருவர் படித்துப் பார்த்த பிறகே பொதுவெளிக்கு நகர்த்த வேண்டும். இதனால் வேகம் குறையும், குறையட்டும். விவசாயிகள் பலருக்குக் கணினியைவிடக் கைப்பேசி எளிது என்றால் கைப்பேசியிலேயே எழுதட்டும். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வசதியைக் கொண்டு, தட்டச்சு தெரியாதவரும் பத்தி பத்தியாக எழுதிவிட முடிகிறது. பிறகு வேறொருவர் உடனிருந்து சந்திப்பிழைகளைத் திருத்தினால் போதும்.

நான் மிகவும் அஞ்சுவது படியெடுத்து ஒட்டும் பழக்கத்தைத்தான். 2011இல் புனே நகரக் கல்லூரிகளில் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, இந்தியக் கல்வித் திட்டம் என்ற பெயரில் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு மாணவர்களை எழுதவைத்தது. அவர்களில் பலர் பாடநூல்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் அப்படியே எடுத்துப் போட்டார்கள். பதிப்புரிமை மீறல்களைக் கண்டுபிடித்து நீக்குவதே பழைய பயனர்களுக்குப் பெரும் பாரமாகி, அந்த ஆண்டே திட்டம் நிறுத்தப்பட்டது. மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. நம் வகுப்பறைகளில் நூலைப் பார்த்து அப்படியே எழுதுவதற்குத்தான் மதிப்பெண் கொடுத்து வந்திருக்கிறோம். படித்ததை மூடிவைத்துவிட்டுச் சொந்தச் சொற்களில் எழுதுவது எப்படி என்பதற்கே ஒரு முழு அமர்வை ஒதுக்குங்கள்.

அதே அமர்வில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் பேசுங்கள். அவை தரும் தமிழ்ப் பத்தி தடங்கலின்றி ஓடும். ஆனால் அது காட்டும் நூலும் பக்க எண்ணும் சில நேரங்களில் உலகிலேயே இல்லாதவையாக இருக்கும். ஒவ்வொரு மேற்கோளையும் எழுதியவர் தாமே திறந்து படித்திருக்க வேண்டும் என்ற ஒரே விதியை வைத்தால், எந்தக் கருவியைப் பயன்படுத்தினார்கள் என்று வேவு பார்க்கத் தேவை இருக்காது.

பரிசு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு புத்தகமோ சான்றிதழோ மேடையில் வைத்துக் கொடுப்பது இளையவர்களுக்கு ஊக்கம் தரும். கட்டுரைகளின் எண்ணிக்கைக்கும் சேர்த்த எழுத்துகளின் அளவுக்கும் பரிசு வைப்பதுதான் கேடு. அப்படி வைத்தால் வெற்றுச் சொற்களால் பக்கத்தை நிரப்புவார்கள். மூன்று பேர் குழுவாகப் படித்து, மேற்கோள்கள் எவ்வளவு உறுதியாக உள்ளன, நடுநிலை காக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஒளிப்படப் பெட்டி (மறுமொழி)

எழுத்தில் நாட்டமில்லாதவர்களுக்குப் படம் எடுக்கும் வேலையைக் கொடுங்கள். ஒரத்துப்பாளையம் அணையின் மதகு, கிளுவை வேலி, காலிங்கராயன் அணைக்கட்டு, நஞ்சராயன் குளத்துப் பறவைகள் என்று எதை எடுத்தாலும், எடுத்தவரே விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் பதிவேற்ற வேண்டும். செய்தித்தாளில் வந்த படத்தையோ புலனக்குழுவில் (வாட்சப்) வந்த படத்தையோ ஏற்றக்கூடாது. பொதுவகத்தின் உரிமம் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிப்பது என்பதை எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாம் எடுத்த படம் ஒரு நாள்காட்டியில் அச்சாகி வந்ததைப் பார்த்துப் பின்னால் மனம் வருந்துபவர்கள் உண்டு. படத்தின் விளக்கத்தில் ஊர், நாள், பயிர் அல்லது பறவையின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதுங்கள். கோடையில் வறண்டு கிடக்கும் குளத்தையும், ஐப்பசி மழைக்குப் பின் அதே குளத்தையும் ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்கள், நீர்நிலைக் கட்டுரைகளுக்குப் பெரிய பலம்.

காங்கயம் வாசகர்

மூவருக்கும் நன்றி. 17 குழுக்கள் என்ற திட்டத்தை விட்டுவிட்டு, நொய்யல், கீழ்பவானி, கொரங்காடு, காற்றாலை என்று நான்கு தொகுதிகளாகப் பிரிக்க எங்கள் வட்டத்தில் இசைந்துவிட்டார்கள். இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடுவது பற்றி எங்கள் உறுப்பினர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. கடைமடையில் காடு உள்ளவர் வேண்டும் என்கிறார், கசிவுநீரை நம்பிக் கிணற்றுப் பாசனம் செய்பவர் கூடவே கூடாது என்கிறார். இதை எப்படி எழுதுவது? உறுப்பினர் ஒருவர் சாயப்பட்டறையில் கணக்கராக இருக்கிறார். அவர் நொய்யல் தொகுதியில் எழுதலாமா? கொரங்காட்டைப் பற்றி எங்கள் பெரியவர்கள் சொல்லும் செய்திகள் எந்த நூலிலும் இல்லை. அவற்றை என்ன செய்வது?

நொய்யல்கரை (மறுமொழி)

வாய்க்கால் பற்றிய கட்டுரையை அந்த இருவரையுமே சேர்ந்து எழுதச் சொல்லுங்கள். வாய்க்கால் தொடங்கும் பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டது, வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடுகிறது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் பாசனம் பெறுகிறது என்பன போன்ற, எவரும் மறுக்காத செய்திகளை முதலில் எழுதி முடிக்கட்டும். பிறகு கான்கிரீட் தளம் பற்றித் தனிப் பிரிவு ஒன்றில், கடைமடைக்கு நீர் சேரவில்லை என்போரின் வாதத்தையும், கசிவுநீர்தான் கிணறுகளையும் குட்டைகளையும் மரங்களையும் வாழவைக்கிறது என்போரின் வாதத்தையும், அரசின் நிலைப்பாட்டையும், யார் எப்போது சொன்னது என்ற மேற்கோளோடு எழுத வேண்டும். எது சரி என்று கட்டுரை தீர்ப்புச் சொல்லாது. எதிர்த்தரப்பின் வாதத்தை எதிர்த்தரப்பினரே ஒப்புக்கொள்ளும்படி எழுதத் தெரிந்தவர், நல்ல தொகுப்பாளர்.

கணக்கர் நண்பர் தம் ஆலையைப் பற்றியோ, அது சேர்ந்திருக்கும் பொது சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றியோ நேரடியாக எழுதாமல், பிழைகளையும் விடுபட்ட மூலங்களையும் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், தம் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் சுட்டிக்காட்டட்டும். பணிக்காக ஊதியம் பெற்றுத் தொகுப்பவர் அதை அறிவித்தாக வேண்டும் என்பது விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியும்கூட. காற்றாலைத் தொகுதியில் அவர் தாராளமாக எழுதலாம். தொழிலின் உள்விவரம் அறிந்தவரை ஒதுக்கிவைப்பது நமக்கே இழப்பு.

பெரியவர்கள் சொல்லும் செய்தி பற்றிய கேள்விதான் கடினமானது. அச்சேறாத செய்தியை விக்கிப்பீடியா ஏற்காது. அந்த விதியைத் தளர்த்தினால், நாளைக்கு எவரும் தம் தாத்தா சொன்னார் என்று எதையும் எழுதலாம். ஆனால் அச்சேற்றும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. எந்தப் புல் எந்த மாதத்தில் முளைவிடும், எத்தனை மாட்டுக்கு எத்தனை ஏக்கர், வேலி அடைக்கும் பருவம் எது என்பவற்றை அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்து, வேளாண் இதழ் ஒன்றுக்குக் கட்டுரையாக அனுப்புங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் புல், தீவனப் பயிர் ஆராய்வோரிடம் காட்டுங்கள். ஆசிரியர் குழு பார்த்து வெளியிட்ட பின் அது மேற்கோளாகத் தகுதி பெறும். ஓராண்டு பிடிக்கலாம். அதுவரை கட்டுரையில் அந்த இடம் காலியாக இருக்கட்டும். மொடக்குறிச்சிக்கு அருகே மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளில் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம், 1954இல் தொடங்கி 1968 வரை ஆண்டுக்கணக்கில் உழைத்து வெளியிடப்பட்டது. அந்தப் பொறுமைக்கு நம் பகுதியிலேயே முன்மாதிரி இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இயக்கம் முடிந்த மறுநாளிலிருந்து அந்தக் கட்டுரைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒருவர் பொறுப்பேற்று அதைத் தம் கவனிப்புப் பட்டியலில் வைத்துக்கொண்டால், யாராவது தவறாக மாற்றும்போது தெரியவரும். செய்தித்தாள் இணைப்புகள் சில ஆண்டுகளில் செயலிழந்துவிடுவதால், மேற்கோளாகக் காட்டும் ஒவ்வொரு பக்கத்தையும் இணைய ஆவணகத்தில் அன்றே சேமித்து, அந்த இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். சில தலைப்புகள் ஆண்டுதோறும் மாறுகிறவை. 1,045 குளங்களுக்கு நீர் கொண்டுசெல்வதற்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில், எந்த ஆண்டு எந்தக் குளங்களுக்குத் தண்ணீர் வந்தது, எவற்றுக்கு வரவில்லை என்பது ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும் திருத்தி எழுதப்பட வேண்டியது. அந்தக் கட்டுரையை உங்கள் ஊத்துக்குளி விவசாயிகளிடம் ஒப்படைத்துவிடுங்கள். குளத்துக்குத் தண்ணீர் வந்த செய்தி நாளிதழில் வெளியாகும்போது அதை முதலில் படிப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.